ஓதற்பிரிவு

தமிழ் இலக்கணம் பிரிவைத் துயரமாகப் பாடியதோடு நில்லாமல், அதன் காரணங்களையும் எண்ணி வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பொருள் தேடப் பிரிவது ஒன்று. போரின் பொருட்டுப் பிரிவது ஒன்று. தூதின் பொருட்டுப் பிரிவது மற்றொன்று. கற்பதற்காகப் பிரிவதும் இவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டது. இலக்கண ஆசிரியர்கள் அதனை ஓதற்பிரிவு என்பர். தொல்காப்பியம் இப்பிரிவுக்குக் கால எல்லையும் வகுத்திருக்கிறது. கல்விக்காகப் பிரிந்திருக்கும் காலம் மூன்று ஆண்டுகளைக் கடத்தல் ஆகாது என்பது அதன் விதி. கற்கச் சென்றவர் மீண்டு வருவார் என்ற எதிர்பார்ப்பின் மீதே அந்தப் பிரிவுக்கு இசைவு தரப்பட்டது என்பதை இந்த எல்லையிலிருந்து நாம் உணர்ந்துகொள்ளலாம்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே விரிந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமிக்குப் பொருள்வயிற் பிரிவு புதிதன்று. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் ஆண்டில் சிலவே. கண்மாய் பெருகினால் நெல் விளையும். பெருகாத ஆண்டில் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் தருவதைக் கொண்டு குடும்பம் ஓட வேண்டும். அருப்புக்கோட்டையின் தறிகள் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியச் செய்தன. தறியும் நிலமும் கைவிட்டவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் பலர். பின்னாளில் திருப்பூரும் வளைகுடா நாடுகளும் அவ்வழியில் சேர்ந்துகொண்டன. கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்குப் பொருள் தேடிப் பிரிவது இன்னதென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓதற்பிரிவோ இங்கு அண்மைக் காலத்தது. இன்று நம் குடும்பங்களின் பிள்ளைகள் பட்ட மேற்படிப்புக்காக ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்கிறார்கள். குருக்களும் அருள்சகோதரியரும் உரோமைக்குச் சென்று கற்பது நெடுநாளாக வழங்கிவரும் வழக்கம். அவ்வாறு செல்கிறவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கதவு இத்தாலிய மொழி. அயல் மண்ணில் இருந்துகொண்டு அம்மண்ணின் மொழியையும் பண்பாட்டையும் பல்கலைக்கழகத்தில் கற்பது நமக்கு என்ன செய்கிறது? கற்றவர் எதைக் கொண்டு மீள வேண்டும்? இவ்வினாக்களுக்கு நம் திருச்சபை வரலாறு விடை வைத்திருக்கிறது. அதைச் சற்று எடுத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

இரு படிகளில் நிற்கும் மொழி

உம்பிரியா நாட்டுக் குன்றொன்றின் மேல் அமைந்த பெரூஜியா நகரில், இத்தாலிய மொழியையும் பண்பாட்டையும் அயல்நாட்டாருக்குக் கற்பிக்கும் வகுப்புகள் 1921இல் தொடங்கின. அவையே வளர்ந்து அயல்நாட்டாருக்கான பல்கலைக்கழகமாக இன்று விளங்குகின்றன. உரோமையின் திருத்தந்தைப் பல்கலைக்கழகங்களில் இறையியலோ மெய்யியலோ கற்கச் செல்லும் நம் குருக்களுள் பலர், முதற்சில திங்கள்களை இத்தகைய மொழி வகுப்புகளிலேயே கழிக்கிறார்கள். ஒரு காலத்தில் இலத்தீனில் நடந்த அந்தப் பாடங்கள் இன்று பெரும்பாலும் இத்தாலியத்தில் நடக்கின்றன.

தமிழ் மாணவருக்கு இத்தாலியம் அவ்வளவு அயலானதன்று. அதன் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. மெய் இரட்டித்தால் அங்கும் பொருள் மாறுகிறது. ‘பாலா’ என்றால் மண்வாரி. ‘பால்லா’ என்றால் பந்து. படத்துக்கும் பட்டத்துக்கும் வேறுபாடு அறிந்த நம் செவிக்கு இது எளிதாக வசப்படும். நெருங்கியவரை அழைக்க ஒரு சொல், மதிப்புக்குரியவரை அழைக்க மற்றொரு சொல் என்ற நமது ‘நீ, நீங்கள்’ முறையும் அங்கு உண்டு. சொந்த ஊர்க் கோயிலின் மணிக்கோபுரத்தின் மீது வைத்த பற்றைக் குறிக்க அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது. அக்கோபுரத்தின் நிழலைத் தாண்டினால் வேற்றூர் என்று எண்ணும் அளவுக்கு அந்தப் பற்று சில வேளைகளில் முற்றிவிடுவதும் உண்டு. ஊர்த் திருவிழாவில் தேர் எந்தத் தெரு வழியே போக வேண்டும் என்று வழக்காடிய நம் ஊர்களுக்கு இது புரியாத செய்தியா?

எல்லாவற்றிலும் பெரிய ஒற்றுமை வேறொன்று. நூல்மொழியும் பேச்சுமொழியும் இரு படிகளில் நிற்பது அது. தாந்தே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பெருங்காப்பியத்தை இலத்தீனில் எழுதாமல், தாம் பிறந்த பிளாரன்சு நகர மக்களின் மொழியில் எழுதினார். மக்கள் மொழியின் மேன்மையை நிலைநாட்ட அவர் எழுதிய நூலோ இலத்தீனில் அமைந்தது; கற்றோருக்குச் சொல்ல வேண்டியதைக் கற்றோர் மொழியிலேயே சொன்னார். காலப்போக்கில் அந்தப் பிளாரன்சு மொழி இத்தாலி முழுமைக்கும் நூல்மொழி ஆயிற்று. வீடுகளில் பேசப்பட்டவை மட்டும் வட்டார மொழிகளாகவே நீடித்தன. இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்ட 1861இல், நூல்மொழியான இத்தாலியத்தைப் பேச வல்லவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்பது மொழியியல் அறிஞர் துல்லியோ தெ மௌரோவின் கணிப்பு.

அங்கிருந்து வந்தவர்கள்

இந்த மொழிச் சூழலில் பிறந்த இத்தாலியர் இருவரை நம் மண் நன்கறியும். உரோமையில் 1577இல் பிறந்த இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரையை அடைந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் அந்நகரில், அவர் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். வடமொழியை அவருக்குக் கற்பித்தவர் சிவதர்மர் என்ற அந்தணர். உயர்குடியில் பிறந்த அந்த உரோமையர் மாணவராகத் தரையில் அமர்ந்தார் என்பதே அவருடைய பணிக்கு அடித்தளம். அவருடைய முறை பலருக்கு ஐயம் தந்தது. வழக்கு உரோமை வரை சென்றது. திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இல் வெளியிட்ட ஆணை அவருடைய முறைக்கு இடமளித்தது. பின்னர், 1659இல், மறைபரப்புப் பேராயம் தன் பணியாளர்களுக்கு விடுத்த அறிவுரையிலும், நம்பிக்கையைக் கொண்டு செல்லுங்கள், உங்கள் நாட்டைச் சுமந்து செல்லாதீர்கள் என்ற கருத்தைத் தெளிவாக வைத்தது.

மற்றவர் வீரமாமுனிவர். கான்ஸ்தாந்துசு யோசேப்பு பெஸ்கி என்ற இயற்பெயருடைய அவர், 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. பொலோஞ்ஞா நகரில் இறையியல் கற்றபின் அவர் 1710இல் கோவாவுக்கு வந்தார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி அவர் பணியாற்றிய தொடக்ககாலப் பங்குகளுள் ஒன்று. நம் சீமையைப் போலவே அதுவும் கரிசல் நாடு. 3615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணியைப் பாடிய அந்தப் பெரியவரின் காலடி பதிந்த மண் காவிரிக் கரை மட்டுமன்று என்பதை நம்மவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

வீரமாமுனிவர் தமிழை இரு படிகளாகக் கண்டு, இரண்டுக்கும் தனித்தனியே இலக்கணம் செய்தார். செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழ் எனப்பட்ட பேச்சுத் தமிழுக்கு ஒன்று. இரண்டாவதைத் தரங்கம்பாடியில் இருந்த லூத்தரன் சபையாரின் அச்சகம் 1738இல் அச்சிட்டது. பேச்சுத் தமிழும் இலக்கணம் பெறத் தக்கது என்று அவர் கருதியது எப்படி? லொம்பார்தி நாட்டு வட்டார மொழியை வீட்டிலும் வீதியிலும் கேட்டு வளர்ந்து, தாந்தேயின் மொழியைப் பள்ளியில் கற்ற ஒருவருக்கு, நம் மொழியின் இரு நிலைகளும் வியப்பாகத் தோன்றியிரா என்று நாம் எண்ணுகிறோம். இத்தாலியத்துக்குப் பிளாரன்சின் குருஸ்கா கழகம் 1612இல் பேரகராதி வெளியிட்டிருந்தது. தமிழுக்கு வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் தொகுத்தார். செய்யுளாக மனப்பாடம் செய்யப்பட்டு வந்த நிகண்டுகளின் செல்வத்தை யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி அவர் திறந்து வைத்தார். தம் மொழியில் கற்ற முறையை நம் மொழிக்குக் கொடையாகத் தந்தது இது.

உரோமையில் ஒரு யாழ்ப்பாணத்து மாணவர்

வந்தவர்களின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இங்கிருந்து சென்று கற்று மீண்டவரின் கதை அதே அளவுக்கு நம் மக்களைச் சென்றடையவில்லை.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியின் கரம்பொன் ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின்னர் கொழும்புக் குருமடத்திலும் பயின்ற அவர், 1934இல் உரோமைக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவர் சேர்ந்தது, திருத்தந்தை 8ஆம் உர்பன் 1627இல் நிறுவிய உர்பன் கல்லூரியைச் சார்ந்த கல்விக்கூடம். ஜனிக்குலம் குன்றின் மேல் இருந்த அக்கல்லூரியில் ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகத் தங்கிக் கற்றார்கள். பாடம் இலத்தீனில், அன்றாட வாழ்வு இத்தாலியத்தில். திருக்காட்சித் திருவிழாவை ஒட்டி, மாணவர்கள் தத்தம் தாய்மொழியில் கவிதை சொல்லும் அவை அக்கல்லூரியின் பழம்பெரும் மரபுகளுள் ஒன்று. அயல்மொழியைக் கற்பிக்க எழுந்த வீட்டிலேயே ஒவ்வொருவர் தாய்மொழிக்கும் மேடை அமைக்கப்பட்டது என்பது எண்ணத் தக்கது.

தனிநாயகம் அடிகள் 1938இல் குருப்பட்டம் பெற்றார். கார்த்தேஜ் நகரின் ஆயரான புனித சிப்ரியான் காலத்துக் குருக்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். அவர் உரோமையில் கழித்த ஆண்டுகள் ஐந்து. தொல்காப்பியர் வகுத்த எல்லையைக் கடந்தவைதாம். எனினும் அவ்வாண்டுகளிலேயே, அங்கிருந்த தமிழ் மாணவர்களோடு சேர்ந்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் கண்டார். இத்தாலியில் பிறந்து தமிழுக்கு வந்தவரின் பெயரை, தமிழ் மண்ணில் பிறந்து இத்தாலிக்குச் சென்றவர்கள் ஏந்திக்கொண்டார்கள். அவருடைய திரும்புதல் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

கற்று முடித்தவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, 1940இல் வடக்கன்குளத்தை அடைந்தார். இத்தாலிய இயேசு சபைக் குருவான பரஞ்சோதிநாதர் என்னும் புத்தாரி அடிகளார் 1745இல் தேவசகாயத்துக்குத் திருமுழுக்குத் தந்த ஊர் அது. அந்தத் தேவசகாயம் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவ்வூரின் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்த தனிநாயகம் அடிகள் அப்போது இலத்தீனும் இத்தாலியமும் வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்த முனைவர். ஆயினும் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றவர் அல்லர். அங்கே பண்டிதர் சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகச் சேர்ந்து தமிழ் கற்றார். அதன்பின் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முப்பது வயதைக் கடந்த நிலையில் தமிழில் முதுகலை மாணவரானார்.

நொபிலி அடிகள் சிவதர்மரின் முன் அமர்ந்ததற்கும் தனிநாயகம் அடிகள் சுப்பிரமணிய ஐயரின் முன் அமர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டுகள். முன்னவர் அயல்மொழியின் முன் பணிந்தார். பின்னவர் தம் தாய்மொழியின் முன் பணிந்தார். இவ்விரண்டில் இரண்டாவதே கடினமானது என்று நமக்குத் தோன்றுகிறது. அயல்மொழி தெரியாதது எவருக்கும் இழுக்கன்று. தாய்மொழியில் தமக்குத் தெரியாதது உண்டு என்று ஏற்றுக்கொண்டு, முனைவர் பட்டத்தோடு மீண்டும் மாணவர் வரிசையில் நிற்பதற்குத் தாழ்ச்சி என்னும் நற்பண்பு வேண்டும். குருமடத்தில் நாம் கற்ற அறநெறி நூல்கள் தாழ்ச்சியைப் பற்றி எவ்வளவோ சொல்கின்றன. வடக்கன்குளத்துத் திண்ணைப் பாடம் அவற்றுக்கு ஒரு விளக்கவுரை.

வறண்ட நிலத்தின் கவிதை

உரோமைக் கல்வி அவருக்கு வீண்போயிற்றா? இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள், பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை. கிரேக்க, இலத்தீன் கவிதைகளை அறிந்திருந்ததால், அவற்றின் பக்கத்தில் வைத்துச் சங்கப் பாடல்களை அவரால் அளந்து பார்க்க முடிந்தது. அந்த ஆய்வு நூலாகி, 1966இல் ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு மறுபதிப்புப் பெற்றது. நிலத்தை மனித உள்ளத்தின் நிலைகளோடு இணைத்து ஐந்து திணைகளாக வகுத்த தமிழ் மரபின் தனிச் சிறப்பை உலக அறிஞர்களுக்கு அது எடுத்துரைத்தது.

அந்த ஐந்தனுள் பாலையும் ஒன்று என்பதை நம் சீமையின் மக்கள் மறத்தல் ஆகாது. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வறண்ட நிலையே பாலை என்பது பண்டையோர் கொள்கை. அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. சோலையும் அருவியும் உடைய குறிஞ்சிக்கு நிகராக, நீரற்ற காட்டு வழிக்கும் தமிழ்ப் புலவர்கள் இடம் தந்தார்கள். சங்க அகப்பாடல்களில் பாலைத்திணைப் பாடல்களே மிகுதி. குண்டாற்று மணலையும் சீமைக்கருவேலங் காட்டையும் நாள்தோறும் பார்க்கும் நாம், நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பது வழக்கம். நம் நிலத்தைப் போன்ற நிலத்துக்கு இலக்கியத்தில் தனி இருக்கையே உண்டு என்று உலகுக்குச் சொன்னவர் உரோமையில் கற்று மீண்ட ஒரு குரு.

அவர் பணி அத்துடன் நிற்கவில்லை. ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழை 1952இல் தொடங்கினார். வத்திக்கான் நூலகத்தில் 1954இல் தேடியபோது, புரொவென்சா அடிகளார் தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டார். 1966இல் அதன் நிழற்படிவப் பதிப்பை வெளிக்கொணர்ந்தார். புதுதில்லியில் 1964ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்ற அவர் முதன்மைக் காரணராக இருந்தார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. அவர் 1980ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். வத்திக்கான் நூலகத்தின் கதவைத் திறக்க அவருக்கு இத்தாலியமும் இலத்தீனும் தேவைப்பட்டன. உள்ளே இருந்ததன் மதிப்பை அறியத் தமிழ் தேவைப்பட்டது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த அகராதி பேழையிலேயே உறங்கியிருக்கும்.

மலைப் பங்கு ஒன்றின் பாடம்

இத்தாலிய மண்ணிலிருந்தே இன்னொரு சான்று. பிளாரன்சு மறைமாவட்டத்தின் குருவான லொரென்சோ மிலானி அடிகள், 1954இல் பார்பியானா என்ற மலைச் சிற்றூருக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். சிதறிக் கிடந்த சில வீடுகளே அவருடைய பங்கு. பள்ளியில் தேறாமல் விலக்கப்பட்ட உழவர் பிள்ளைகளைக் கூட்டி, தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். அவர் முதலிடம் தந்தது மொழிக்கு. செல்வர் மகனும் உழவர் மகனும் சமம் ஆகாமல் தடுப்பது சொல்வளத்தில் உள்ள வேறுபாடே என்பது அவருடைய உறுதி. ஆகவே செய்தித்தாளைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பிள்ளைகளோடு படித்தார். அப்பிள்ளைகள் கூடி எழுதிய நூல் ஒன்று 1967இல் வெளிவந்து இத்தாலியின் கல்வி உலகையே உலுக்கியது. அதே ஆண்டு அவர் மறைந்தார். ஐம்பது ஆண்டுகள் கழிந்து 2017இல் திருத்தந்தை பிரான்சிசு அவருடைய கல்லறைக்குச் சென்று மன்றாடினார்.

நம் பொருளுக்கு மிகவும் வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. மிலானி அடிகள் தம் மாணவர்களை விடுமுறைக் காலங்களில் அயல்நாடுகளுக்கு அனுப்பி, அங்கே உழைத்துக்கொண்டே அந்நாட்டு மொழியைக் கற்கச் செய்தார். மலையை விட்டு இறங்காத குடும்பத்துப் பிள்ளைகள் கடல் கடந்து கற்றார்கள். சொந்த மொழியில் ஊன்றி நின்றவர்கள் பிறமொழிக்கு அஞ்சவில்லை. தாய்மொழிக் கல்வியும் அயல்மொழிக் கல்வியும் ஒன்றையொன்று விழுங்கும் என்று எண்ணுவோர்க்குப் பார்பியானா விடை கூறுகிறது.

மீளும் வழி

இனி நம் வீடுகளுக்கு வருவோம். தமிழ் சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோரை நாம் பழிக்க மாட்டோம். மழையை நம்பி ஏமாந்த தலைமுறைகள் கேட்கும் கேள்வி அது. அதில் நியாயம் உண்டு. பிள்ளை ஆங்கிலம் கற்கட்டும், செருமனும் இத்தாலியமும் கற்கட்டும், கடல் கடக்கட்டும். ஆனால், என் மகனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவே வராது என்று ஒரு தாய் பெருமையோடு சொல்லும்போது, நம் உள்ளத்தில் நெருடல் ஏற்படுகிறது. ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகத்தை வாசிக்க முன்வரும் இளைஞர் குறைந்து வருவதைப் பங்குத்தந்தையர் பலர் கவனித்திருப்பர். தாய்மொழியில் வழிபடும் உரிமைக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழி திறந்தது. அந்த உரிமை கிடைத்த மக்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பயன்படுத்தும் ஆற்றலை இழப்பார்களானால், அது வழிபாட்டோடு மட்டும் நிற்கும் இழப்பாகாது.

தூய ஆவி இறங்கிய நாளில் எருசலேமில் கூடியிருந்தோர் பல நாட்டினர். உரோமையிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். கலிலேயரின் மொழியைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவரவர் பிறந்த மொழியிலேயே இறைவனின் அரும்பெரும் செயல்கள் அவர்கள் செவியை எட்டின. திருச்சபை பிறந்த நாளின் முதல் அடையாளம் அது. ஒருவருடைய தாய்மொழி, இறைவன் அவரிடம் வந்து சேரும் வழிகளுள் ஒன்று. வேறு வழிகளும் அவருக்கு உண்டு. ஆயினும் பிறந்த வீட்டு வாசலை நாமே அடைத்துவிட வேண்டுமா?

இத்தாலியின் பலெர்மோ நகரில், 1980களிலிருந்து குடியேறிய ஈழத் தமிழர் பலர் வாழ்கிறார்கள். அவர்களுள் கத்தோலிக்கரும் இந்துக்களும் புனித ரொசாலியாவின் திருத்தலம் அமைந்த பெல்லகிரினோ மலையில் ஏறி வேண்டுதல் செலுத்துகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இத்தாலியப் பள்ளிகளில் கற்கிறார்கள். மற்ற நாள்களில் உழைத்துக் களைத்த பெற்றோர், வார இறுதியில் அப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். மொழியை விட்டு வந்தவர்களுக்கு அதன் விலை தெரிகிறது. நம் சீமையிலேயே திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமண மகரிஷி தமிழில் எழுதியவற்றை மூலத்திலேயே படிக்க விரும்பித் தமிழ் கற்ற மேலைநாட்டாரும் உண்டு. அவர்கள் கடல் கடந்து தேடி வருவதை நாம் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவது முறையா?

செய்யக்கூடியவை சில உண்டு. நம் பழைய பங்குகள் பலவற்றில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டிருக்கின்றன. பஞ்ச காலத்திலும் கொள்ளைநோய்க் காலத்திலும் பிறந்து மறைந்த நம் முன்னோரின் பெயர்கள் அவற்றில் உறங்குகின்றன. உரோமைக்குச் சென்று இத்தாலியமும் இலத்தீனும் கற்கும் குருவோ, அருள்சகோதரியோ, பொதுநிலை மாணவரோ, விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு பங்கின் ஒரு பதிவேட்டையாவது தமிழில் பெயர்த்து வைக்கலாம். தாம் கற்ற நாட்டின் பண்பாட்டைப் பற்றி இளையோர் கூட்டத்தில் நல்ல தமிழில் ஒரு மாலை பேசலாம். பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர், திங்களுக்கு ஒரு கடிதமாவது தமிழில் எழுதச் சொல்லலாம். தொலைபேசியில் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். எழுதிய எழுத்து வீட்டில் தங்கும். ஒவ்வொரு பங்கிலும் பத்து நூல்களோடேனும் ஓர் அலமாரி இருக்கலாம். தேம்பாவணியும், தனிநாயகம் அடிகளின் பயண நூலான ‘ஒன்றே உலக’மும் அதில் இடம் பெறட்டும்.

பொருள் தேடிப் பிரிந்தவர் பணம் அனுப்பினால் வீடு எழும்புகிறது. அதை நம் ஊர்த் தெருக்கள் காட்டுகின்றன. ஓதப் பிரிந்தவர் எதை அனுப்புகிறார் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. தனிநாயகம் அடிகள் உரோமையிலிருந்து கொண்டுவந்த பட்டம் அவருடைய பெட்டிக்குள் அடங்கியது. அவர் வடக்கன்குளத்தில் தமிழ் கற்க அமர்ந்ததால் விளைந்தது உலகத் தமிழர் அனைவருக்கும் பொதுச்சொத்தாயிற்று. அடுத்த முறை நம் பங்கிலிருந்து ஒரு மகனோ மகளோ கற்பதற்காகக் கடல் கடக்கும்போது, பயண ஆசீரோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவோம்: எதைக் கற்று, யாருக்காக மீள்வாய்?